வீட்டில் ஏற்றும் நீரும் மருந்தும்



கருவுற்ற பெண்ணுக்குக் குமட்டலும் வாந்தியும் வருவது நாம் எல்லாரும் அறிந்த செய்தி. அதற்கு மசக்கை என்று நம் முன்னோர் பெயரிட்டனர். பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு அது வருகிறது. காலையில் தலை சுற்றும், தாளிக்கும் வாடை ஆகாது, புளிப்புக் கேட்கும். மூன்று நான்கு மாதங்களில் தானாகவே தணிந்துவிடும். இன்று நான் பேச வந்தது அந்த மசக்கையைப் பற்றி அன்று. நூறு பேரில் மூன்று பேர் வரைக்கும் வரக்கூடிய கடும் வாந்தி நோயைப் பற்றியும், அதற்காக வீட்டிலேயே குழாய் வழியாக நீரும் மருந்தும் ஏற்றும் முறையைப் பற்றியும், அப்போது வீட்டார் செய்ய வேண்டியவை பற்றியும் பேச விரும்புகிறேன்.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. நம் தோட்டப்புறங்களில் படித்து வளர்ந்த பெண்களில் சிலர் இன்று திருமணமாகி அமெரிக்கா போன்ற நாடுகளில் வாழ்கிறார்கள். மகள் கருவுற்றாள் என்றதும் இங்கிருந்து தாயார் புறப்பட்டுப் போகிறார். மிளகுப் பொடியும் சுக்கும் கட்டிக்கொண்டு போனவர், அங்கே மகளின் கையில் ஒரு குழாயையும், இடுப்பில் ஒரு சிறு பம்பையும் காண்கிறார். என் பழைய மாணவி ஒருவரின் தாயார் இப்படித்தான் போய், அங்கிருந்து என்னிடம் தொலைபேசியில் கேட்டார்: "வாத்தியாரே, இது என்ன வகை வைத்தியம்? ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை வீட்டில் செய்கிறார்களே. நான் தொடலாமா, கூடாதா?" அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் படித்தும், விவரம் அறிந்த தாதியரைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நோயை நோய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கடும் வாந்தி நோயில், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. ஒரு நாளில் பத்து முறை, இருபது முறை வாந்தி எடுக்கும் பெண்கள் உண்டு. கருவுறுவதற்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதாவது அறுபது கிலோ இருந்தவர் ஐம்பத்தேழுக்கும் கீழே இறங்குவார். உணவு இல்லாததால் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அப்போது சிறுநீரில் கீட்டோன் என்னும் பொருள் தென்படும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, தேநீர் நிறத்துக்கு மாறும். இதைப் பார்த்து, "எங்கள் காலத்தில் நாங்கள் வாந்தி எடுத்துக்கொண்டே பால் வெட்டவில்லையா?" என்று சொல்வது பொருந்தாது. தாங்கிக்கொள்ளக் கூடியது மசக்கை. இது தாங்கிக்கொள்ள முடியாதது.

ஆங்கில நாவலாசிரியை ஷார்லட் பிராண்டி 1855-ஆம் ஆண்டு கருவுற்றிருந்தபோது இறந்தார். ஓயாத வாந்தியும் குமட்டலும் அவரை உருக்குலைத்தன. அவர் இறப்புச் சான்றிதழில் காசநோய் என்று எழுதப்பட்டபோதிலும், இந்தக் கடும் வாந்தியே காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் கருதினர். அக்காலத்தில் இரத்தக் குழாயில் நீர் ஏற்றும் வசதி சாதாரண வைத்தியமாக வளரவில்லை.

இந்நோயைப் பெண்ணின் மனக்கோளாறு என்றும், குழந்தை வேண்டாம் என்ற எண்ணத்தின் விளைவு என்றும் மருத்துவர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது தவறு என்பது இப்போது தெளிவாகியுள்ளது. கருப்பையில் வளரும் நச்சுக்கொடியிலிருந்து ஒரு வகைச் சுரப்பு தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அதன் பெயர் ஜி.டி.எஃப். 15. அது மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தில் வேலை செய்கிறது. கருவுறுவதற்கு முன் இந்தச் சுரப்பு உடலில் குறைவாக இருந்த பெண்களுக்கு, அது திடீரெனப் பெருகும்போது கடும் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம் என்று 2023-ஆம் ஆண்டு இறுதியில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆகவே மகளைப் பார்த்து, "மனதைத் திடப்படுத்திக்கொள், சரியாகிவிடும்" என்று சொல்வதால் வாந்தி நிற்காது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். மலேசியாவில் இப்படிப்பட்ட பெண்ணைப் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்து, தண்ணீர் ஏற்றி, வாந்தி தணிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மீண்டும் வந்தால் மீண்டும் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில், வாரக்கணக்கில் நீடிக்கும் சிலருக்கு வீட்டிலேயே ஏற்பாடு செய்வதுண்டு. மருந்துக் கடையிலிருந்து பைகளும் குழாய்களும் பெட்டியில் வந்து சேரும். தாதி ஒருவர் குறித்த நாள்களில் வருவார். மற்ற நேரம் முழுவதும் பொறுப்பு வீட்டாருடையது. அதனால்தான் வீட்டாருக்கு இந்த அறிவு தேவைப்படுகிறது.

இரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றும் முறை புதிதன்று. 1832-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் வாந்திபேதி பரவியபோது, லீத் என்னும் ஊரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் அதைச் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டிக்கு உப்பு நீரை ஏற்றினார். குழி விழுந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பியது, அவர் பேசவும் தொடங்கினார். மருத்துவர் அவரை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுச் சென்றார். பேதி மீண்டும் தொடங்கியது. ஆனால் மீண்டும் நீர் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் அந்த மூதாட்டி இறந்துபோனார். நேயர்களே, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்நிகழ்ச்சி இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. நீரை ஏற்றுவது பாதி வேலை. ஏற்றிய பின் கண்காணிப்பது மறுபாதி. வீட்டில் அந்த மறுபாதியைச் செய்பவர் தாயாரும் கணவருமே.

குழாயில் இரண்டு வகை உண்டு. நாம் பேச்சு வழக்கில் "நரம்பில் ஊசி" என்கிறோம். உண்மையில் அது நரம்பன்று, இரத்தக் குழாய். முதல் வகை, புறங்கையிலோ முன்கையிலோ உள்ள இரத்தக் குழாயில் செருகும் சிறிய பிளாஸ்டிக் குழாய். சில நாள்களுக்கு மட்டுமே அது பயன்படும். வலித்தாலோ சிவந்தாலோ தாதியிடம் சொல்லி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வகை நீளமானது. மேல்கையில் செருகி, இரத்தக் குழாய்க்குள்ளேயே தோள் வழியாகச் செலுத்தி, அதன் நுனி இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி வைப்பார்கள். வெளியே தொங்குவது ஒரு சாண் அளவுகூட இராது. அதைப் பார்த்து, "சின்னக் குழாய்தானே" என்று எண்ணிவிடக்கூடாது. உள்ளே இருப்பதுதான் நீளம்.

கையிலிருந்து இதயம் வரை குழாயைச் செலுத்த முடியும் என்று முதலில் காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1929-ஆம் ஆண்டு அவர் தம் கையிலேயே குழாயைச் செருகி, இதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார். அப்போது பலர் அவரைப் பழித்தனர். 1956-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் துணிந்து காட்டிய அந்த வழியே இன்று இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் பயன்படுகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இரத்தத்துக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறோம். மருந்து போகும் அதே கதவு வழியாகக் கிருமியும் போகலாம். குழாயைச் சுற்றி இரத்தம் உறைந்து கட்டியாகலாம். கருவுற்ற காலத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை உடையது. அதனால்தான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி, கடும் வாந்தி நோய்க்கு இந்த நீளக் குழாயை வழக்கமாகப் போடக்கூடாது, வேறு வழிகள் எல்லாம் பயனளிக்காதபோதுதான் போட வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே, "என் தோழிக்குப் போட்டார்கள், எனக்கும் போடுங்கள்" என்று கேட்பது சரியன்று. மருத்துவர் போட வேண்டும் என்று சொன்னால், "ஏன், எத்தனை நாளைக்கு, எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்பது நம் உரிமை.

குழாய் போட்டாகிவிட்டது. இனி வீட்டில் என்ன செய்ய வேண்டும்? தாதி முதலில் கற்றுக்கொடுப்பார். கற்றவர் மட்டுமே தொடவேண்டும். கற்றவருக்கும் நினைவூட்டலாக இவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கை. குழாயைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்து, இருபது வினாடியாவது கழுவ வேண்டும். மோதிரமும் வளையலும் கழற்றி வைக்கப்பட வேண்டும். சுத்தமான துணியாலோ காகிதத்தாலோ துடைத்த பிறகு, சேலைத் தலைப்பைத் தொட்டாலும், தொலைபேசியை எடுத்தாலும், மறுபடியும் கழுவ வேண்டும்.

இரண்டாவது, குழாயின் முனை. மருந்து இணைக்கும் முன் அந்த முனையை ஸ்பிரிட் பஞ்சினால் பதினைந்து வினாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு அது தானாகக் காய வேண்டும். வாயால் ஊதிக் காயவைக்கக் கூடாது. ஊதும் காற்றில் கிருமி உண்டு. காய்ந்த முனை எதன் மேலும் படக்கூடாது. பட்டுவிட்டால் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இதில் அவசரப்படுவதைவிட ஐந்து நிமிடம் தாமதிப்பது மேல்.

மூன்றாவது, குழாயைக் கழுவுதல். மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும், சிரிஞ்சில் நிரப்பி வரும் உப்பு நீரைச் செலுத்துவார்கள். சிறிது செலுத்தி, சற்று நிறுத்தி, மீண்டும் செலுத்த வேண்டும். இதற்குப் பத்து மில்லி லீட்டர் அளவுள்ள சிரிஞ்சே கொடுப்பார்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகமாகிக் குழாய் வெடிக்கக்கூடும் என்பதே காரணம். தண்ணீர் போக மறுத்தால் பலம் கொண்டு தள்ளக்கூடாது. கிளிப் மூடியிருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் தாதியை அழையுங்கள்.

நான்காவது, மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி. உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற ஒட்டையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். வாரம் ஒருமுறை தாதி அதை மாற்றுவார். இடையில் நனைந்தாலோ, ஓரம் பிரிந்தாலோ, அழுக்கானாலோ அடுத்த முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது; அன்றே மாற்றச் செய்ய வேண்டும். குளிக்கும்போது நீர் புகாத உறை போட்டுக்கொள்ள வேண்டும். குளமும் தொட்டியும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் உள்ள தாய்மார்கள், குழாய் இருக்கும் கையில் எண்ணெய் படவிடக் கூடாது. எண்ணெய் பட்டால் ஒட்டு நில்லாது.

ஐந்தாவது, அந்தக் கை. அதில் இரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். கனமான வாளியோ மூட்டையோ தூக்க விடாதீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், தொங்கும் பகுதியைத் துணி உறைக்குள் மறைத்து வையுங்கள். அதன் அருகே கத்தரிக்கோல் கொண்டுபோகவே கூடாது. ஊசியும் பிளேடும் குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. அதற்கென்று கொடுக்கும் கெட்டியான பெட்டியிலே போடவேண்டும்.

பையை இணைக்கும் முன் அதன் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். பெயர் சரியா, மருந்து சரியா, தேதி கடந்துவிட்டதா? பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கியிருந்தாலோ, தூசு மிதந்தாலோ, கசிந்தாலோ பயன்படுத்த வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்த பையைத் தாதி சொன்ன நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வைத்தால் தானாகக் குளிர் தணியும். வெந்நீரில் போட்டோ அடுப்பருகே வைத்தோ சூடாக்கக் கூடாது.

அடுத்து, பம்பு. பம்பிலும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, பையில் உள்ள நீரைக் குறித்த வேகத்தில் இரத்தக் குழாய்க்குள் செலுத்துவது. மற்றொன்று, வாந்தியை அடக்கும் மருந்தைத் தோலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக இரவும் பகலும் செலுத்துவது. இரண்டாவது பம்பு கையடக்கமானது. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் மெல்லிய ஊசியைச் செருகி, பம்பைச் சிறு பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஊசி குத்திய இடம் தடித்துச் சிவப்பது இதில் வழக்கமான தொல்லை. ஆகவே தாதி சொல்லும் கால அளவில் இடத்தை மாற்றிக்கொண்டே வரவேண்டும். மாத்திரை வயிற்றில் தங்காதவருக்கு இந்த வழி உதவலாம். மாத்திரையே தங்குமானால் மாத்திரைதான் நல்லது. அதில் ஊசியும் இல்லை, செலவும் குறைவு.

மின்கலத்தால் ஓடும் இத்தகைய சிறு பம்பை ஆக்கிப் புகழ் பெற்றவர் மார்ட்டின் ரைட் என்னும் ஆங்கில மருத்துவர். தலசீமியா என்னும் இரத்தக் குறை நோயுள்ளவர்களுக்கு மருந்து செலுத்துவதற்காக அவர் அதை அமைத்தார். 1979-ஆம் ஆண்டிலேயே அது இறுதிக் கட்ட நோயாளிகளின் வலிக்கும் வாந்திக்கும் பயன்படத் தொடங்கியது. ஆனால் அந்தப் பம்பில் ஒரு சிக்கல் நேர்ந்தது. ஒரே தோற்றமுடைய இரண்டு வகைகள் வந்தன. ஒன்றில் எண் ஒரு மணி நேரத்துக்கு உரியது. மற்றொன்றில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு உரியது. ஒன்றை மற்றொன்றாக எண்ணி வைத்ததால், ஒரு நாள் மருந்து ஒரே மணியில் உடலில் ஏறி உயிர்ச் சேதமும் நேர்ந்தது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு அந்த வகைப் பம்புகளைப் படிப்படியாக விலக்கும்படி அறிவுறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும்போது, "விடைக்குப் பக்கத்தில் அலகை எழுது" என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம். அலகு தவறினால் மதிப்பெண் மட்டும் போவதில்லை என்பதற்கு இது சான்று. பம்பின் எண் மணிக்கா, நாளுக்கா என்று தாதியைக் கேட்டு, தாளில் எழுதிப் பம்பின் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் வேகத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பம்பு சத்தமிட்டால் பயப்பட வேண்டாம். அணைத்துவிட்டுத் தூங்கவும் வேண்டாம். அது எதற்கோ கூப்பிடுகிறது. மின்கலம் தீர்ந்திருக்கலாம், பை காலியாகியிருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், குழாயில் காற்றுக் குமிழி வந்திருக்கலாம். முதலில் திரையில் உள்ள எழுத்தைப் படித்து, கிளிப்பையும் குழாயையும் சரிபாருங்கள். விளங்கவில்லை என்றால், மருந்தை அனுப்பும் நிறுவனத்தின் எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

மருந்துகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஒண்டான்செட்ரான் என்ற மருந்து 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் புற்றுநோய் வைத்தியத்தால் வரும் வாந்திக்கே அது ஏற்பட்டது. அதனால் மலச்சிக்கலும் தலைவலியும் வரும். மலச்சிக்கலைச் சிறு விஷயமென விட்டுவிட்டால் அதுவே வாந்தியைப் பெருக்கும். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் அது மாற்றக்கூடும். ஓயாத வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அந்த ஆபத்து கூடும். ஆகவே மருத்துவர் கேட்கும் இரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. மெட்டோகுளோப்ரமைட் என்ற இன்னொரு மருந்தில், தாடை இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது, கை கால் நிலைகொள்ளாமல் தவிப்பது போன்றவை சிலருக்கு வரும். பார்ப்பவர்கள் வேறு எதையோ நினைத்து மந்திரிக்கப் போவார்கள். அது மருந்தின் விளைவு. மருத்துவரை உடனே அழைத்தால் மாற்று மருந்து உண்டு.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது இந்நாட்டுத் தமிழர்களின் சரித்திரத்தோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நடை தள்ளாடும், இதயம் ஓயும். ஈய வயல்களில் வெள்ளை அரிசிச் சோறு உண்டவர்களிடையே அது மிகுதி. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே மிகக் குறைவு. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்து, 1907-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையேதான் நோய் பரவியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள ஒரு சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அச்சத்தே தயாமின் எனப்படும் வைட்டமின் பி ஒன்று என்பது பின்னர் தெளிவாயிற்று.

அந்தத் தயாமினுக்கும் இந்த வாந்திக்கும் என்ன தொடர்பு? உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. அத்தனை நாள் உணவு தங்காத பெண்ணுக்கு அது தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் சர்க்கரை கலந்த நீரை மட்டும் ஏற்றினால், சர்க்கரையை எரிக்க உடல் மிச்சமிருக்கும் தயாமினையும் செலவழித்துவிடும். அப்போது மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரியும், கண்மணி ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடும், உயிரும் போகலாம். ஆகவே சர்க்கரை நீருக்கு முன் தயாமின் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. வாரக்கணக்கில் வாந்தி எடுத்த பெண்ணுக்கு நீர் ஏற்ற வந்தால், "தயாமின் கொடுத்தாகிவிட்டதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அமெரிக்காவில் ஆனாலும், நம்மூர் கிளினிக்கில் ஆனாலும் கேளுங்கள். இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இந்த ஒரு கேள்வியை மறக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றே போதும். கோடு போட்டு, தேதி, நேரம், உடல் வெப்பம், எடை, குடித்த அளவு, ஏற்றிய அளவு, வாந்தி எத்தனை முறை, சிறுநீர் எத்தனை முறை, பம்பின் எண் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மருத்துவர் கேட்கும்போது, "நேற்றைக்குக் கொஞ்சம் தேவலை" என்று சொல்வதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது நூறு மடங்கு பயன் தரும். ஆங்கிலம் தெரியாத தாயாரும் எண்களை எழுதலாம். எண்ணுக்கு மொழி இல்லை. பேசுவதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்கவும் கேட்கலாம்; தயங்க வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்? உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4 எட்டினால் போக வேண்டும். குழாயில் மருந்து ஏற்றியதும் நடுக்கமும் குளிரும் வந்தால், வெப்பம் ஏறாவிட்டாலும் போக வேண்டும். "காய்ச்சல்தானே, மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு இரவைக் கடத்தக் கூடாது. இரத்தத்தில் கலந்த கிருமி விடியும்வரை காத்திருக்காது. குழாய் இருக்கும் கையோ, கழுத்தோ, தோளோ வீங்கினாலும் வலித்தாலும் போக வேண்டும். எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலும், எழுந்து நின்றால் மயங்கி விழுந்தாலும், பேச்சு குழம்பினாலும் போக வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அமெரிக்காவில் எண் 911, நம் நாட்டில் 999. குழாய் முறிந்தால், முறிந்த இடத்துக்கும் உடலுக்கும் நடுவே மடக்கிப் பிடித்து, கிளிப் போட்டு, உதவிக்கு அழையுங்கள். காற்று உள்ளே போய்விட்டது என்ற ஐயம் வந்தால் குழாயை அடைத்து, இடப்பக்கமாகப் படுக்க வைத்து, ஆம்புலன்சை அழையுங்கள்.

கருவி பார்ப்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. அந்தப் பெண் பல வாரங்கள் ஒரே அறையில், ஒரு கம்பத்தோடும் பம்போடும் கட்டுண்டு கிடக்கிறாள். சமையல் வாடை அவளுக்கு நஞ்சாக இருக்கும். மீன் குழம்பும் தாளிப்பும் அவள் இருக்கும் வீட்டில் சில காலம் வேண்டாம். "ஒரு வாய் சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். அவள் கேட்கும்போது, கேட்டதை, கேட்ட அளவே கொடுங்கள். அது வெறும் ஐஸ் கட்டியாக இருந்தாலும் சரி. பசியும் தூக்கமின்மையும் மனத்தையும் சோர வைக்கும். அவள் அழுதால், வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரும்பாலோருக்கு ஐந்தாம் மாதத்தை ஒட்டி இந்த வாந்தி தணிந்துவிடும்; சிலருக்குப் பிரசவம் வரை நீடிக்கும். வாந்தி குறைந்து, வாய் வழியாக நீரும் மருந்தும் தங்கத் தொடங்கியதும், "குழாயை எடுத்துவிடலாமா?" என்று கேளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாள்கூட அதிகமாக வைத்திருக்க வேண்டாம். தேவையில்லாத கதவு மூடப்பட வேண்டும். பம்பின் மருந்தை மட்டும் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன விடை இதுதான்: தொடலாம், ஆனால் கற்றுக்கொண்டு, கை கழுவி, எண்ணைப் பார்த்துத் தொடவேண்டும். நம் தாய்மார்கள் படிப்பில் குறைந்தவர்களாக இருக்கலாம். சுத்தத்திலும் விழிப்பிலும் குறைந்தவர்கள் அல்லர். விடியற்காலை இருளில் எழுந்து, நேரம் தவறாமல் மரம் சீவி, பால் கெடாமல் காண்டா வாளியைக் கழுவி வைத்த கைகள் அவை. அந்த ஒழுங்கு இந்தக் குழாய்க்கும் பம்புக்கும் போதும்.